அப்பச்சியின் அம்பாசிடரைக் கிரேன் வைத்துத் தூக்கிப் போய்விட்டார்கள்: திரும்பக் கேட்க எனக்கு உரிமை உண்டா?

சென்னையில் இருக்கும் ஓர் ஆச்சி மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விவரத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பேரூராட்சியில் இருக்கிறது அவருடைய அப்பச்சி (அப்பா) வீடு. ஐந்து பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீடு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். படைப்புக்கும் (முன்னோருக்குப் படைக்கும் சடங்கு) கல்யாணத்துக்கும் திறப்பதோடு சரி. அப்பச்சி 1998-ல் வாங்கிய அம்பாசிடர் கார், முகப்புக்கு எதிரே தெரு ஓரமாகத் தார்ப்பாய் போர்த்தி நின்றது. அப்பச்சி 2021-ல் தவறிவிட்டார். வண்டி அதற்கு முன்பே ஓட்டத்தை நிறுத்திவிட்டது. ஆர்சி இன்னும் அவர் பெயரில்தான். 2013-ல் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தது 2018-ல் முடிந்துபோனது. இன்சூரன்ஸும் இல்லை.

சென்ற மாதம் வீட்டைப் பார்த்துக்கொள்பவர் போன் செய்து, கிரேன் வைத்து வண்டியைத் தூக்கிப் போய்விட்டார்கள் என்றார். பேரூராட்சி ஆட்களும் போலீஸும் சேர்ந்து வந்தார்களாம். வண்டி இப்போது காவல் நிலையத்துக்குப் பின்னால் காலி இடத்தில் கிடக்கிறது. ஆச்சி கேட்கிறார்: “எங்கள் வாசலில் நின்ற காரை நோட்டீஸ்கூடக் கொடுக்காமல் எடுத்துப் போனது திருட்டு இல்லையா? 15 வருஷம் தாண்டிய கார், எடுத்துப் போனால் அரசாங்கத்துக்கே சொந்தம், விட்டுவிடு என்கிறான் அண்ணன். வீடு பொது என்றால் காரும் பொது என்கிறார் பங்காளி ஒருவர். ஸ்டேஷன் வாசலில் ஒரு ஆள் இருபதாயிரம் கொடுத்தால் எடுத்துத் தருகிறேன் என்கிறார். பழைய சாமான் வியாபாரி ஒருவர் கிடக்கிற இடத்திலேயே வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். எதிர்வீட்டுக்காரர்தான் புகார் கொடுத்தார் என்று கேள்வி. 83 வயதான ஆத்தாவிடம் (அம்மாவிடம்) இன்னும் சொல்லவில்லை. நான் என்ன செய்யட்டும்?”

அன்புள்ள ஆச்சி,

தேவகோட்டையிலும் காரைக்குடியிலும் வழக்கு நடத்துகிறவன் நான். இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டின் வாசலில் நின்ற வண்டிகளின் கதை இங்கே ஊருக்கு ஊர் உண்டு. முதலில் உங்கள் மனசு கொஞ்சம் ஆறட்டும். கார் இன்னும் உங்கள் குடும்பத்தின் சொத்துதான். யாருக்கும் போய்விடவில்லை. ஆனால் அதை எடுத்தது திருட்டு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அந்தச் சொல்லோடு ஸ்டேஷனுக்குள் போனால் எளிதாக முடிய வேண்டிய வேலை வம்பாகிவிடும்.

வாசல் யாருடையது?

நம் ஊரில் வாசல் என்றால் படிக்குக் கீழே கோலம் விழும் இடம் வரைக்கும் நம்முடையது. விடிந்தால் தண்ணீர் தெளிப்பது நாம், பந்தல்கால் ஊன்றுவது நாம். வழக்கத்தில் அது சரி. ஆனால் புல வரைபடத்தில் உங்கள் வீட்டு எல்லை பெரும்பாலும் திண்ணைப் படியோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் இருப்பது தெரு. மோட்டார் வாகனச் சட்டம், 1988, ‘பொது இடம்’ என்று சொல்வது பொதுமக்கள் போய்வர உரிமையுள்ள எந்தத் தெருவையும் இடத்தையும். யார் வீட்டுக்கு எதிரே இருக்கிறது என்பது அங்கே கணக்கில் வராது.

பட்டாவையும் வரைபடத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கார் நின்ற இடம் உங்கள் பட்டா நிலத்துக்குள் வருகிறது என்று தெரிந்தால் கதை வேறு. அப்போது எடுத்துப் போனதையே கேள்வி கேட்கலாம். ஆனால் தெரு ஓரமாக நின்றது என்று நீங்களே எழுதியிருப்பதால் அந்த வாய்ப்பு குறைவு என்றே நினைக்கிறேன்.

அடுத்து நோட்டீஸ். அதே சட்டத்தின் 127-வது பிரிவு சொல்வது இதுதான்: பொது இடத்தில் ஒரு வண்டி 10 மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று நின்றால், அல்லது நிறுத்தக் கூடாத இடத்தில் நின்றால், அந்த எல்லைக்கு உட்பட்ட, சீருடையில் இருக்கும் காவல் அதிகாரி அதை இழுத்துப் போகவோ சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ அனுமதிக்கலாம். போக்குவரத்துக்கு ஆபத்தாக நின்றால் உடனேயே எடுக்கச் சொல்லலாம். முன்கூட்டி நோட்டீஸ் தர வேண்டும் என்று அந்தப் பிரிவில் இல்லை. 10 மணி நேரம்தான் கணக்கு, ஆச்சி. உங்கள் கார் வருஷக்கணக்கில் நின்றிருக்கிறது. தெருவில் உள்ள தடைகளை அகற்றும் அதிகாரம் உள்ளாட்சிச் சட்டப்படி பேரூராட்சிக்கும் தனியாக உண்டு. நல்ல நிர்வாகம் கண்ணாடியில் ஒரு நோட்டீஸ் ஒட்டி ஒரு வாரம் பொறுத்திருக்கும். ஒருவேளை ஒட்டியும் இருக்கலாம். தார்ப்பாய்க்கு மேல் ஒட்டியது ஒரு மழைக்குத் தாங்காது. வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் அதைக் கேட்டுவையுங்கள்.

எதிர்வீட்டுக்காரர் மேல் வருத்தம் வேண்டாம். பள்ளிக்கூட வேன் திரும்ப இடமில்லை, தார்ப்பாய்க்கு அடியில் பாம்பு அடைகிறது என்று புகார் கொடுக்க அவருக்கு முழு உரிமை உண்டு. நாளைக்கு வீட்டில் ஓடு சரிந்தால் உங்களுக்கு முதலில் போன் செய்யப் போகிறவரும் அவர்தான்.

எடுக்கலாம், ஆனால் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது

அண்ணன் சொன்னது தவறு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தெருவில் இருந்து அப்புறப்படுத்தும் அதிகாரம் வேறு, சொத்தை எடுத்துக்கொள்ளும் அதிகாரம் வேறு. 127-வது பிரிவு முதல் வகையை மட்டும்தான் தருகிறது. இழுத்துச் சென்ற செலவை உரிமையாளர் கட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. போக்குவரத்துக்கு இடைஞ்சலாக நிறுத்தியதற்கு 201-வது பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு 500 ரூபாய் வரை அபராதம் போடலாம். வண்டி பறிபோகும் என்று இரண்டிலும் இல்லை.

15 வருஷக் கதையும் அப்படித்தான். வயதை வைத்தே பழைய வண்டிகளுக்குத் தடை போட்டது டெல்லி வட்டாரத்துக்கான உத்தரவு. டிவியில் அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படியே என்று நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் கார் 15 வருஷம் முடிந்ததும், பரிசோதனையில் தேறினால், ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். உங்கள் அப்பச்சி 2013-ல் செய்ததும் அதைத்தான்.

ஏலத்துக்குப் போய்விடும் என்ற பயம் வீண் பயம் இல்லை. ஆனால் அதற்கு முறை இருக்கிறது. போலீஸ் இந்தக் காரை வெறுமனே தெருவில் இருந்து நகர்த்தினார்களா, அல்லது திருட்டு வண்டியாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் கைப்பற்றினார்களா என்பது தெரிய வேண்டும். இரண்டாவது என்றால் அது 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-வது பிரிவு. கைப்பற்றியதை உடனே நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் யாரென்று தெரியாவிட்டால், 503-வது பிரிவின்படி நடுவர் அறிவிப்பு வெளியிட்டு உரிமை கோர ஆறு மாதம் அவகாசம் தர வேண்டும். அதற்குள் யாரும் வரவில்லை என்றால்தான் விற்கிற பேச்சு. வண்டி போனது சென்ற மாதம். உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஆனால் இப்போதே கிளம்ப வேண்டும்.

நான் அவசரப்படுத்துவதற்குக் காரணம் உண்டு. ஸ்டேஷன் பின்பக்கங்களை நான் பார்த்திருக்கிறேன். பானெட் இடுக்கில் ஆமணக்கு முளைத்து ஆள் உயரம் வளர்ந்திருக்கும். கண்ணாடியில் சாக்பீஸால் எழுதிய வழக்கு எண் மழையில் கரைந்து பாதி மட்டும் தெரியும். முதலில் காணாமல் போவது பேட்டரி, அப்புறம் பக்கக் கண்ணாடி, அப்புறம் சக்கரம். ஒரு மழைக்காலம் போனால் அடித்தளம் மண்ணோடு ஒட்டிவிடும்.

அதற்கும் அவர்களுக்குப் பொறுப்பு உண்டு. குஜராத்தில் சுங்க அதிகாரிகள் பிடித்துவைத்த லாரிகளும் ஒரு காரும், உரிமையாளரின் மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கும்போதே, உரிமை கோராத பொருள் என்று சொல்லி விற்கப்பட்டன. பிறகு வண்டிகளைத் திருப்பிக் கொடுக்கும்படி தீர்ப்பு வந்தபோது கொடுக்க வண்டி இல்லை. 1967-ல் உச்ச நீதிமன்றம், பிறர் பொருளைக் கையில் வைத்திருக்கும் அரசு அதை நியாயமான அக்கறையோடு காக்க வேண்டும், இழப்புக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தீர்த்தது. 2002-ல் இன்னொரு வழக்கில், பிடித்த வண்டிகளை ஸ்டேஷனில் மாதக்கணக்கில் போட்டுவைப்பதில் பயனில்லை, படம் எடுத்துக்கொண்டு, உரிய பிணையை வாங்கிக்கொண்டு சீக்கிரம் ஒப்படையுங்கள் என்று சொன்னது. இந்த இரண்டும் உங்கள் பக்கம் இருக்கிறது.

ஸ்டேஷனுக்குப் போகும்போது

முதலில் ஒரு மனு எழுதுங்கள். இன்ன எண்ணுள்ள கார், இன்னார் பெயரில் உள்ளது, அவர் காலமாகிவிட்டார், நாங்கள் வாரிசுகள், எந்தப் பிரிவில், யார் உத்தரவில், எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது, அப்போது எழுதிய மகஜரின் (வண்டியை எடுத்ததைக் குறித்துவைக்கும் பதிவு) நகல் வேண்டும், செலவைக் கட்டி எடுத்துக்கொள்ளத் தயார். இவ்வளவு போதும். கோபமாக ஒரு வரிகூட வேண்டாம். காவல் நிலையத்தில் கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். அதே மனுவின் நகலைப் பேரூராட்சி செயல் அலுவலரிடம் கொடுத்து முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் உரிமை கோரினீர்கள் என்பதற்குத் தேதியோடு சாட்சி அதுதான். அது கையில் இருக்கும்போது ‘கேட்பாரற்ற வாகனம்’ என்று யாரும் எழுத முடியாது.

ஆர்சி, அப்பச்சியின் இறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், பழைய இன்சூரன்ஸ் தாள் இருந்தால் அதுவும் எடுத்துப் போங்கள். அனுமதி கேட்டுக்கொண்டு காரை நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். சக்கரம், விளக்கு, டேஷ்போர்டு, சேஸிஸ் எண், இன்ஜின் எண் எல்லாம் படத்தில் விழட்டும். எடுத்துப் போன அன்றைக்கு எதிரில் நின்றவர்கள் யாராவது செல்போனில் படம் பிடித்திருப்பார்கள். அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். அன்றைக்கு இருந்தது எது, இப்போது இல்லாதது எது என்று காட்ட அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

இருபதாயிரம் கேட்கிறவருக்கு ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள். கிரேன் வாடகையும் நிறுத்திவைத்த கட்டணமும் கேட்கலாம். எந்த உத்தரவின்படி, எத்தனை நாளைக்கு என்று எழுத்தில் கேளுங்கள், ரசீதுக்குத்தான் பணம். ரசீது இல்லாமல் அரசு ஊழியரே கேட்டால் அது லஞ்சம், லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போகலாம். பதிலே வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் நடுவர் நீதிமன்றத்தில் ஒப்படைப்பு மனு. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம், ஆனால் இந்தக் காருக்கு அந்தச் செலவு இப்போதைக்குத் தேவையில்லை.

கார் யாருக்குச் சொந்தம்?

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையான சிக்கலாகத் தெரிவது இதுதான், தூக்கிப் போனது அல்ல. ஆர்சி நான்கு வருஷத்துக்கு மேலாக மறைந்த ஒருவர் பெயரில் நிற்கிறது. உரிமையாளர் இறந்தால் மூன்று மாதத்துக்குள் 31-ஆம் எண் படிவத்தில் ஆர்டிஓ அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. காலம் கடந்துவிட்டது என்று கதவு மூடிவிடாது. அபராதம் கட்டிப் போடலாம். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் இதற்குத் தேவை. இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள், இன்றைக்கே.

பங்காளி சொல்வது சரியில்லை. வீட்டில் ஐந்து பேருக்குப் பங்கு இருக்கலாம். கார் அப்பச்சி தன் பணத்தில் தன் பெயரில் வாங்கியது. உயில் இல்லாத நிலையில் இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-ன்படி அது ஆத்தாவுக்கும் அண்ணனுக்கும் உங்களுக்கும் சம பங்கு. கட்டிக்கொடுத்த பெண் என்பதால் உங்கள் பங்கு குறையாது. அண்ணனும் தனியாக விட்டுக்கொடுக்கவோ விற்கவோ முடியாது. மூன்று பேரில் ஒருவர் பெயருக்கு மாற்ற மற்ற இருவரும் சம்மதக் கடிதம் கொடுத்தால் வேலை சுலபம்.

கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு விஷயம் எழுதியிருந்தீர்கள்: அப்பச்சி கையெழுத்துப் போட்டு வைத்த விற்பனைப் படிவங்கள், 29-ம் 30-ம், பெட்டியில் இருக்கின்றன, வியாபாரி அதைக் கேட்கிறார் என்று. தயவுசெய்து கொடுக்காதீர்கள். இறந்தவர் இன்றைக்கு விற்றதாகக் காகிதம் போவது போலி ஆவணம். வியாபாரி காரை உடைத்து விற்றுவிட்டு சேஸிஸ் எண்ணை வேறொரு வண்டிக்குப் பயன்படுத்தினால், விசாரணைக்குப் போலீஸ் வரப்போவது ஆர்சியில் இருக்கும் விலாசத்துக்கு, அதாவது உங்கள் வீட்டுக்கு. அந்தப் படிவங்களைக் குறுக்கே கோடு போட்டு ரத்து செய்துவையுங்கள்.

எடுத்த பிறகு

வண்டியை ஓட்டிக்கொண்டு வராதீர்கள். பதிவு காலாவதி, இன்சூரன்ஸ் இல்லை. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் முறைக்கே 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு. வேறு வண்டியில் ஏற்றியே கொண்டுவாருங்கள். வந்ததும் தெருவில் இறக்காதீர்கள், பின்கட்டு வாசல் வழியாக உள்ளே தள்ளிவிடுங்கள். அந்த இடம் பொது என்றால் மற்ற பங்காளிகளிடம் ஒரு வார்த்தை எழுத்தில் வாங்கிக்கொள்வது பின்னால் பேச்சு வராமல் காக்கும்.

ஓட்ட ஆசை என்றால் செலவைக் கணக்குப் பார்த்துவிட்டு இறங்குங்கள். 20 வருஷத்துக்கு மேற்பட்ட காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025-ல் 10,000 ரூபாய் ஆகிவிட்டது. அதோடு தாமதக் கட்டணம், பசுமை வரி, பழுது பார்க்கிற செலவு. ‘விண்டேஜ்’ பதிவு வாங்கலாம் என்று யாராவது சொன்னால், அதற்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும். உங்கள் காருக்கு அதில் பாதி தாண்டிக் கொஞ்சம்தான். ஓட்ட வேண்டாம் என்றால் அரசு பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்று வாங்கி, ஆர்டிஓவில் பதிவை ரத்து செய்யுங்கள். பழைய கார் சேர்ப்பவருக்கு விற்பதும் நல்ல வழிதான், ஆனால் வாரிசு பெயருக்கு மாற்றிய பிறகு, முறையாக. என்னைக் கேட்டால் முதலில் மீட்டு உள்ளே கொண்டுவாருங்கள், மற்றதை அடுத்த படைப்புக்குக் கூடும்போது மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள்.

ஆத்தாவிடம் சொல்வதா என்று கேட்டிருந்தீர்கள். வாரிசுச் சான்றிதழில் முதல் பெயர் அவருடையதுதான். அவர் கையெழுத்து இல்லாமல் ஆர்டிஓவில் எதுவும் நகராது. அதனால் சொல்லித்தான் ஆக வேண்டும். கார் எங்கே நிற்கிறது, எப்போது வீட்டுக்கு வரும் என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள். ஸ்டேஷனில் எடுத்த போட்டோக்களில் முன்பக்கம் நன்றாக விழுந்த ஒன்றைக் கையில் கொண்டு போங்கள். 1998-ல் அந்தக் காரில் முதலில் எந்தக் கோயிலுக்குப் போனார்கள் என்று அவருக்கு நினைவிருக்கும்.